மன அதிர்ச்சியால் வந்த இதயப் பாதிப்புக்கு ஆஞ்சியோ எதற்கு? அம்மா வந்தவுடனேயே கண்டுபிடித்திருக்க முடியாதா?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், தங்கை இறந்த செய்தி கேட்டு அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது, அட்டாக் என்று அவசரமாக ஆஞ்சியோ செய்திருக்கிறார்கள், அடைப்பு எதுவும் இல்லை என்றதும் 'டகோட்சுபோ' (அடைப்பு இல்லாமலே இதயத் தசை தற்காலிகமாகச் சோர்ந்துபோகும் நோய்) என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேவையில்லாமல் செய்துவிட்டார்களோ என்ற சந்தேகம் உங்களுக்கு. நேராகச் சொல்கிறேன், வீண் இல்லை. வந்தவுடனே இதுதான் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

நான் டாக்டர் இல்லை, அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். 'நர்ஸுக்கு இதெல்லாம் எதற்கு' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு முதலில் ஈசிஜி ஒட்டுவது நாங்கள்தான்.

இதே மாதிரி ஒரு அம்மா வந்தார், அறுபதைத் தாண்டியவர். சாவு வீட்டிலிருந்து மகன் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் மகனே சொல்லிவிட்டார், "ராத்திரி முழுக்க அழுதாங்க சிஸ்டர், அதுதான். தூங்க ஒரு ஊசி போட்டா சரியாயிடும்." புதிதாக வந்திருந்த டூட்டி டாக்டரும் பாதி நம்பிவிட்டார். நான் ஊசியை எடுக்காமல் ஈசிஜி எடுத்தேன். இதயத்தின் முன்பக்கத்தைக் காட்டும் லீடுகளில் எஸ்டி என்ற கோட்டுப் பகுதி மேலே தூக்கியிருந்தது, அசல் அட்டாக் போலவே. அப்புறம் எல்லாம் வேகம்தான், இதய டாக்டரைக் கூப்பிட்டு நேராக ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்குக் கொண்டுபோனார்கள். ரத்தக்குழாய்கள் சுத்தம். ஆனால் இடது கீழறைக்குள் சாயம் செலுத்திப் பார்த்தபோது மேல்பக்கம் இருக்கும் அடிப்பகுதி மட்டும் நன்றாகச் சுருங்குகிறது, நுனிப்பகுதி பலூன் மாதிரி உப்பி அசையாமல் கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் டகோட்சுபோ என்ற பெயரே யார் வாயிலும் வந்தது.

'அழுதுகொண்டு வந்தாரே, அப்போதே தெரியாதா' என்று கேட்பீர்கள். தெரியாது. அதே வார்டுக்கு இன்னொருவர் வந்தார், பாகப்பிரிவினைச் சண்டையில் கத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். வீட்டார் எல்லோரும் டென்ஷன் என்றார்கள். அவருக்கு முன்பக்கப் பெரிய குழாயில் முழு அடைப்பு. கோபமும் துக்கமும் அசல் அட்டாக்கையும் கொண்டுவரும், அதனால் காரணத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. காரணமே தெரியாமலும் டகோட்சுபோ வரும். 2015-ல் வெளிவந்த, இந்த நோய்க்கான பெரிய பன்னாட்டுப் பதிவேட்டில் 1750 நோயாளிகள், பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மன அதிர்ச்சியால் வந்தது சுமார் 28 சதவீதம்தான். ஆபரேஷன், மூச்சுத்திணறல், தொற்று போன்ற உடல் காரணங்கள் 36 சதவீதம். மீதியில் பெரும்பாலானோருக்குக் காரணமே தெரியவில்லை. இந்த நோய்க்கு 'உடைந்த இதயம்' என்று பெயர் வைத்து, துக்கம் மட்டுமே காரணம் என்று எல்லோரையும் நம்ப வைத்துவிட்டார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

டகோட்சுபோவாக இருக்குமோ என்று சந்தேகப்பட இடம் உண்டு. மாதவிடாய் நின்ற வயதுப் பெண், சமீபத்தில் பெரிய அதிர்ச்சி அல்லது நோய், ஈசிஜியில் நீண்டுபோன கியூடி (ஒரு துடிப்பின் மின் இடைவெளி), எக்கோவில் (இதய ஸ்கேன்) ஒரே ரத்தக்குழாயின் எல்லைக்குள் அடங்காமல் பரவிய அசைவின்மை. இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் ஏறியிருக்கும், ஆனால் இவ்வளவு தசை சோர்ந்து கிடக்கிறதே, அதற்கேற்ற அளவுக்கு ஏறியிருக்காது. இதில் சிலவற்றையும் வேறு சிலவற்றையும் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடும் இன்டர்டாக் என்ற முறைகூட இருக்கிறது, பெண் என்றால் 25, மன அதிர்ச்சி இருந்தால் 24 என்று. ஆனாலும் எஸ்டி தூக்கியிருந்தால் மதிப்பெண் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே ஆஞ்சியோ. அட்டாக்காக இருந்து நாம் காத்திருந்தால் போவது தசை, திரும்ப வராது.

இன்னொரு பக்கம், 'அடைப்பு இல்லை, அப்போ ஒன்றுமில்லை' என்று நினைப்பதும் தப்பு. ரத்த அழுத்தம் விழலாம், தாளம் தப்பலாம், அசையாத அறைக்குள் ரத்தம் கட்டலாம். அட்ரினலின் வகைச் சுரப்பு அளவுக்கு மீறியதுதான் முக்கியக் காரணம் என்கிறார்கள். அதனால் அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் அதே வகை மருந்துகள் சிலருக்கு நிலைமையை மோசமாக்கிவிடும். எந்த நோய் என்று தெரிந்தால்தானே எந்த மருந்தைத் தவிர்ப்பது என்று தெரியும்.

இதைக் கேட்க யாரும் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அன்று அந்த அம்மாவின் ரத்த அழுத்தத்தை ஒரே நேரத்தில் காகிதத்தில், நோட்டில், கம்ப்யூட்டரில் என்று மூன்று இடத்தில் எழுத வைத்தார்கள். 'வலிக்கு முன் என்ன நடந்தது' என்று எழுத மட்டும் மூன்றிலும் ஒரு கட்டம் கிடையாது. மார்ஜினில் எழுதினேன், அதற்கும் திட்டு.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அடுத்த எக்கோ எப்போது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தசை பழையபடி சுருங்கத் தொடங்கிவிடும், அது தெரிந்தால்தான் நோய் இதுதான் என்று உறுதியாகும். ஆஞ்சியோ படம் பதிந்து கொடுத்த சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இது சிலருக்குத் திரும்ப வரும், அடுத்த முறை நெஞ்சு வலி என்றால் 'போன தடவை மாதிரிதான்' என்று வீட்டில் உட்காராமல் அந்த சிடியோடு நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.