மரத்தின் மேல் ஒரு போர்வை

கேள்வி: கிறிஸ்துமஸ் வந்தால் அப்பா வீட்டில் மரம் ஜோடிப்பார். அவர் கையால் வெட்டிய அட்டை நட்சத்திரங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவர் போனபின் அந்த வழக்கத்தை என் வீட்டில் தொடர்கிறேன். எங்கள் ஜெபக்குழுவின் மூத்த சகோதரி, வேதாகமத்தில் எரேமியா 10-ம் அதிகாரத்தைக் காட்டி இது விக்கிரகம் என்கிறார். டிசம்பர் 25 சூரியக் கடவுளின் நாளாம். என் நாத்தனாரும் அதே கட்சி. போன வருடம் குழு எங்கள் வீட்டில் கூடியபோது, வீண் பேச்சு வேண்டாமென்று மரத்தைப் போர்வையால் மூடினேன். கேட்டால் ஸ்டேண்ட் ஃபேன் என்று சொல்லும்படி ஏழு வயது மகளிடமும் சொல்லிவைத்தேன். கணவர் இதிலெல்லாம் தலையிடுவதில்லை. மரம் வைப்பது விசுவாசத்துக்கு விரோதமா? வைத்தால் அதை என்றைக்கு எடுக்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டிசம்பர் நெருங்கினால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். மரம் வைக்கலாமா என்பதற்கு நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம். என்னை நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஸ்டேண்ட் ஃபேன்.

ஜெபம் நடக்கிற வீட்டில், ஜெபிக்க வந்தவர்களிடம் பொய் சொல்ல ஒரு குழந்தையைப் பழக்கியிருக்கிறீர்கள். 'வீண் பேச்சு வேண்டாமென்று' என மூன்றே வார்த்தையில் அதையும் மூடிவிட்டீர்கள். மரத்துக்கு ஒரு போர்வை, பொய்க்கு ஒரு போர்வை. அந்தச் சகோதரி விக்கிரகம் என்று சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே, அம்மா?

கலாத்தியர் 2-ஐ எடுத்துப் படியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபையை நடத்திய யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து எழுந்து விலகிக்கொண்டார். சாப்பிட்டதில் பவுல் தவறு காணவில்லை. ஆள் வந்ததும் ஒளிந்ததைத்தான் முகத்துக்கு நேரே கேட்டார். 'மாயம்' என்பது அங்கே வருகிற சொல். அந்த மாயத்தில் பர்னபாவும் இழுபட்டுப்போனார் என்று அடுத்தாற்போல் இருக்கிறது. பெரியவர் ஒருவர் பயந்து ஒளிந்தால் பக்கத்தில் இருப்பவரும் இழுபடுவார். உங்கள் வீட்டில் இழுபட்டது ஏழு வயதுப் பெண்.

ஆகவே மரத்தைப் பற்றி யோசிக்குமுன் மகளிடம் பேசுங்கள். இன்றைக்கே, தனியாக, சுருக்கமாக: "போன வருடம் அம்மா உன்னைப் பொய் சொல்லச் சொன்னேன். அது என் தப்பு. அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்துவிட்டேன். இனிமேல் அப்படிச் சொல்லமாட்டேன்." இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். 'ஆனால் அந்த ஆன்ட்டி இருக்காங்களே' என்று ஆரம்பித்தீர்களானால் மன்னிப்பு அங்கேயே செத்துவிடும்; பழி கைமாறியதுதான் அவள் மனதில் நிற்கும்.

இனி மரம். எரேமியா 10 சொல்வது காட்டில் வெட்டிய மரத்தைத் தச்சன் வாச்சியால் செதுக்கி, வெள்ளியும் பொன்னும் பூசி, அசையாதபடி ஆணியடித்து நிறுத்திய சிலையை. அது பேசாது, நடக்காது, அதற்குப் பயப்படாதீர்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. உங்கள் வீட்டில் யாரும் மரத்தின் முன் முழந்தாளிடவில்லையே. ஜோடித்த கிறிஸ்துமஸ் மரம் பற்றிய குறிப்புகள் கிடைப்பது 16-ம் நூற்றாண்டு ஜெர்மானியப் பகுதிகளிலிருந்துதான். எரேமியாவுக்கும் அதற்கும் இரண்டாயிரம் வருடத்துக்குமேல் இடைவெளி.

டிசம்பர் 25 கதை கொஞ்சம் சிக்கலானது. கி.பி. 274-ல் ரோமப் பேரரசர் அவுரேலியன் சூரியக் கடவுளுக்கு ரோமாபுரியில் கோயில் கட்டினது உண்மை. அதே நகரில் 336-ல் கிறிஸ்து பிறப்பை அந்தத் தேதியில் அனுசரித்ததற்குக் குறிப்பு இருக்கிறது. சூரியன் நாளைத்தான் சபை எடுத்துக்கொண்டது என்பார் உண்டு; மார்ச் 25-ல் மரியாள் கர்ப்பந்தரித்தார் என்று வைத்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பாரும் உண்டு. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை, உங்கள் ஜெபக்குழுவிலும் தீராது. அதனால் சரித்திரத்தை வைத்து அந்தச் சகோதரியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். (அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் போட்டார்கள், 1681-ல் எடுத்துவிட்டார்கள். சண்டை அவ்வளவு பழசு.)

கட்டளையிடப்படாத பண்டிகையே கூடாது என்பாருக்கு யோவான் 10:22 போதும். தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லாதது. அந்தப் பண்டிகை நேரத்தில் இயேசு எருசலேம் தேவாலயத்தில் உலாவிக்கொண்டிருந்தார்.

நீங்கள் தீர்மானம் எடுக்கவேண்டிய இடம் ரோமர் 14. அவனவன் தன் மனதில் முழு நிச்சயம் உடையவனாயிருக்க வேண்டும் என்கிறது அது. உங்களுக்கு அந்த நிச்சயம் இருந்ததா? இருந்திருந்தால் போர்வை எதற்கு? அரை மனதாக மரம் வைப்பதைவிட வைக்காமலிருப்பது மேல். விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே என்றுதான் அந்த அதிகாரம் முடிகிறது.

'பலவீனருக்கு இடறல்' என்றும் உங்களிடம் சொல்வார்கள். 1 கொரிந்தியர் 8-ல் வரும் பலவீனன், உங்களைப் பார்த்துத் தன் மனச்சாட்சிக்கு விரோதமாகத் தானும் செய்துவிடக்கூடியவன். பல வருடம் வேதம் வாசித்து மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்கிற மூத்த சகோதரி அந்தக் கணக்கில் வரமாட்டார்; அவருக்கு இடறல் இல்லை, கோபம்தான். ஆனால் சமீபத்தில் விக்கிரக வழிபாட்டை விட்டு வந்து, ஜோடித்த மரத்தைப் பார்த்தாலே கலங்குகிறவர் ஒருவர் குழுவில் இருந்தால், அந்த மாதக் கூட்டத்தை வேறு வீட்டில் வையுங்கள். காரணத்தை அவரிடமே சொல்லுங்கள். அன்பினால் விட்டுக்கொடுப்பதை வெளியே சொல்ல முடியும். பயந்து மூடியதற்குத்தான் ஸ்டேண்ட் ஃபேன் கதை தேவைப்படும்.

தலையிடாத கணவருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். நாத்தனார் அவருடைய உடன்பிறப்பு. அவரிடம் பேசவேண்டியவர் உடன்பிறந்த உங்கள் கணவர்தான், நீங்கள் இல்லை. நீங்கள் வாய்திறந்தால் விசுவாசக் கேள்வி மறைந்து மருமகள் சண்டையாகிவிடும். குடும்பத்துக்குத் தலை என்றால் வீட்டு ஜெபத்தில் முதல் நாற்காலி மட்டுமில்லை, ஐயா. தீர்மானம் இரண்டு பேருடையது, சொல்வது உங்கள் பொறுப்பு.

சொல்லவேண்டியதும் ஒரே வாக்கியம்: "நாங்கள் இருவரும் ஜெபித்து யோசித்துத்தான் வைத்திருக்கிறோம், உங்கள் வீட்டில் நீங்கள் வைக்காததை நாங்கள் மதிக்கிறோம்." வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அது குழு குழுவாகச் சுற்றும், கூடவே பதில் கட்டுரையும் வரும். நேரில், ஒரே முறை. திரும்பக் கிளப்பினால் பேச்சை மாற்றுங்கள்.

மரம் வீட்டில் வெறும் ஜோடனையாகப் போய்விடக்கூடாது என்ற கவலை இருந்தால் அது நியாயமானது. லூக்கா முதல் இரண்டு அதிகாரங்களில் மொத்தம் 132 வசனங்கள். டிசம்பர் 1 முதல் 24 வரை தினம் ஐந்தோ ஆறோ வசனம் மரத்தடியில் மகளை வாசிக்கச் சொன்னால் சரியாக முடியும். லூக்காவின் 24 அதிகாரங்களையும் நாளுக்கு ஒன்றாக முடிக்கப் பலர் ஆசைப்படுவார்கள். முதல் அதிகாரமே 80 வசனம், குழந்தை மூன்றாம் நாளே எழுந்து ஓடும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக்காதீர்கள், விட்ட இடத்திலிருந்து போங்கள். அப்பாவின் நட்சத்திரங்களை மொத்தமாக மாட்டாமல், வாசித்த நாளுக்கு ஒன்றாக அவளே மாட்டட்டும். தாத்தா யார், எதை விசுவாசித்தார் என்று அப்போது சொல்லுங்கள். நட்சத்திரம் குறைவாக இருந்தால் அவளே அட்டை வெட்டிச் சேர்க்கட்டும்.

எடுப்பதற்கு விதி கிடையாது. பல சபைகளில் ஜனவரி 6, குழந்தை இயேசுவைக் காண வந்த சாஸ்திரிகளின் வருகையை நினைக்கும் நாள்வரை விட்டுவைப்பார்கள். பழைய அட்டை ஈரம் தாங்காது. காகிதத்தில் சுற்றி, தட்டையாக அடுக்கி, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மரத்தை எடுக்குமுன் குழு வீட்டுக்கு வந்து, "இது என்ன பாப்பா?" என்று யாராவது கேட்டால், குறுக்கே புகாதீர்கள். அவளே பதில் சொல்லட்டும்.