பெலாரஸ் செய்தால் கடத்தல், ஐரோப்பா செய்தால் நடைமுறையா?

கேள்வி குன்னூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டது: "2021-இல் பெலாரஸ் ஒரு ரயன்ஏர் விமானத்தை இறக்கியதும் ஐரோப்பா கொதித்தது. 2013-இல் பொலிவிய அதிபரின் விமானத்தை வியன்னாவில் இறங்க வைத்ததும் அதே ஐரோப்பாதானே? விவாதப் போட்டியில் இதை இரட்டை வேடம் என்று பேசலாமா?"

இரட்டை வேடம் உண்டு தம்பி. ஆனால் இந்த உதாரணத்தோடு மேடை ஏறினால் எதிரணி இரண்டே நிமிடத்தில் உடைத்துவிடும். ரஷ்ய வெளியுறவுத் துறையும் 2021-இல் இதைத்தான் எடுத்துக்காட்டியது. இதைவிட வலுவான உதாரணங்கள் இருக்கின்றன.

நம்ம மலைப்பாதையை வைத்தே வித்தியாசத்தைப் பார்க்கலாம். கல்லாறு சோதனைச்சாவடியில் இ-பாஸ் இல்லாத காரைத் திருப்பி அனுப்புகிறார்கள். பெட்ரோல் வீண், எரிச்சல். ஆனால் யாரையும் பிடித்து வைக்கவில்லை. இன்னொரு நாள், பர்லியாறு பக்கம் மண் சரிந்துவிட்டது என்று பொய் சொல்லி ஊட்டிப் பேருந்தைக் கோத்தகிரி வழியே திருப்பிவிட்டு, போகிற வழியில் ஜன்னலோரம் இருந்த ஒருவரை இறக்கிக் கொண்டுபோகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பொலிவிய அதிபர் ஈவோ மொராலஸ் விஷயம் முதல் வகை. 2013 ஜூலை 2 அன்று அவர் மாஸ்கோவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்நோடன் உள்ளே இருக்கிறார் என்ற சந்தேகத்தில் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, போர்ச்சுகல் நாடுகள் வான்வெளியை மறுத்ததாகப் பொலிவியா குற்றம் சாட்டியது. எரிபொருள் அளவு சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி விமானி வியன்னாவில் இறங்க அனுமதி கேட்டார். அதிபர் பயணித்தது அரசு விமானம். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 3-ஆவது பிரிவுப்படி, அரசு விமானம் இன்னொரு நாட்டின் மேல் பறக்க முன் அனுமதி வாங்கியாக வேண்டும். நமக்கும் இது நேர்ந்திருக்கிறது: 2019-இல் பாகிஸ்தான் நம் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் வான்வழி மறுத்தபோது இந்தியா சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் முறையிட்டது. தலைவர்களின் விமானம் அரசு விமானம், அது எங்கள் விதிகளுக்குள் வராது என்று பதில் வந்தது. ஒரு நாட்டின் அதிபரை 13 மணி நேரத்துக்கு மேல் விமான நிலையத்தில் காக்க வைத்தது பெரிய அவமதிப்புதான். பிரான்ஸும் ஸ்பெயினும் பிறகு வருத்தம் தெரிவித்தன. ஆனாலும் அதைக் கடத்தல் என்று நிரூபிக்க முடியாது.

ரயன்ஏர் விஷயம் இரண்டாவது வகை. 2021 மே 23, ஏதென்ஸிலிருந்து லிதுவேனியத் தலைநகர் வில்னியஸுக்குப் போன பயணிகள் விமானம். விமானத்தில் வெடிகுண்டு இருப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது என்று பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொல்கிறார். விமானி சந்தேகப்பட்டுத் துருவித் துருவிக் கேட்கிறார்: மின்னஞ்சல் எங்கிருந்து வந்தது? மிரட்டலின் தீவிரத்தைக் காட்டும் நிறம் என்ன, பச்சையா, மஞ்சளா, சிவப்பா? சிவப்பு என்று பதில் வருகிறது. விமானம் திரும்பிய இடத்திலிருந்து மின்ஸ்கைவிட வில்னியஸ்தான் பக்கம். மிக்-29 போர் விமானமும் கிளப்பப்பட்டது. ஆதாரமாகக் காட்டப்பட்ட மின்னஞ்சல், விமானம் திருப்பப்பட்ட பிறகுதான் அனுப்பப்பட்டது என்று அந்த மின்னஞ்சல் சேவை நிறுவனமே உறுதி செய்தது. விமானத்தில் இருந்த பெலாரஸ் எதிர்க்கட்சி ஆதரவுப் பத்திரிகையாளர் ரமான் பிரத்தசேவிச்சும் அவருடைய தோழியும் கைதானார்கள். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்து பறக்கும் விமானத்தை ஆபத்துக்குள்ளாக்குவது 1971 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி குற்றம். உங்கள் எதிரணி பிடித்துக்கொள்ளப்போவது இந்தப் பொய்யைத்தான்.

அப்படியானால் இரட்டை வேடம் எங்கே? பயணிக்காகவே விமானத்தைப் பிடித்த சம்பவங்களை வரிசையாக எடுங்கள். 1956-இல் ரபாத்திலிருந்து தூனிஸுக்குப் போன விமானத்தை பிரான்ஸ் அல்ஜியர்ஸில் இறக்கி, அல்ஜீரிய விடுதலைத் தலைவர் பென் பெல்லாவையும் தோழர்களையும் பிடித்தது. 1962 வரை அவர்களுக்குச் சிறை. 1971-இல் லண்டனிலிருந்து கார்த்தூம் போன பிரிட்டிஷ் விமானத்தை லிபியா பெங்காசியில் இறக்கி, சூடான் ஆட்சிக்கவிழ்ப்புத் தலைவர்கள் இருவரைப் பிடித்து ஒப்படைத்தது. இருவரும் கொல்லப்பட்டார்கள்.

எல்லாவற்றையும்விட உங்களுக்குக் கைகொடுப்பது 1973, 1986 என்ற ஜோடி. 1973 ஆகஸ்டில் பெய்ரூட்டிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானத்தை, பாலஸ்தீனத் தலைவர் ஜார்ஜ் ஹபாஷ் இருப்பதாக நினைத்து இஸ்ரேல் போர் விமானங்கள் இறக்கின. அவர் அதில் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு அவை 337-ஆவது தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றிக் கண்டித்தது. அமெரிக்காவும் கை தூக்கியது. 1986 பிப்ரவரியில் ஒரு லிபிய விமானத்தை இஸ்ரேல் அதே மாதிரி இறக்கியது. தேடிய ஆட்கள் இந்த முறையும் இல்லை. இருந்தவர்கள் சிரிய அரசியல்வாதிகள். இந்த முறை கண்டனத் தீர்மானத்தை அமெரிக்கா வீட்டோ போட்டுத் தடுத்தது. செயல் அதே, செய்த நாடும் அதே. நடுவில் என்ன மாறியது? நான்கு மாதம் முன்பு, 1985 அக்டோபரில், அகில்லே லவுரோ என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலைக் கடத்தியவர்களோடு போன எகிப்திய போயிங் 737-ஐ அமெரிக்காவின் எஃப்-14 விமானங்களே இடைமறித்து, சிசிலியின் சிகோனெல்லா தளத்தில் இறக்கியிருந்தன. அந்தக் கப்பலில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பயணியைக் கொன்றவர்கள் மீது எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் தான் செய்த காரியத்துக்கு இடம் வைக்கத்தான் அந்த வீட்டோ விழுந்தது என்பது என் கணிப்பு.

2016 அக்டோபரில் கீவிலிருந்து கிளம்பிய பெலாவியா என்ற பெலாரஸ் நிறுவனத்தின் விமானத்தை உக்ரைன் திரும்ப அழைத்து ஒரு பயணியை இறக்கியதும் உண்டு. ஐரோப்பா அதற்குத் தடை எதுவும் போடவில்லை. ஆனால் அது உக்ரைன் மண்ணிலிருந்தே கிளம்பியது, வெடிகுண்டுப் பொய்யும் இல்லை, இறக்கப்பட்டவரை சீக்கிரமே விட்டுவிட்டார்கள். இதைச் சொன்னால் இந்த வித்தியாசங்களையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எதிரணி சொன்னால் அடி பலமாக விழும்.

பறக்கும் பயணிகள் விமானங்கள் மீது ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும், சிகாகோ உடன்படிக்கையின் 3 பிஸ் பிரிவையும் படித்துவிட்டுப் போங்கள். 1983-இல் சோவியத் படை கொரிய விமானத்தைச் சுட்டு 269 பேர் இறந்த பிறகு, 1984-இல் எழுதப்பட்டது. அமலுக்கு வந்தது 1998-இல். அதனால் 1973, 1986 சம்பவங்களை அந்தப் பிரிவை மீறியதாகச் சொல்லாதீர்கள், ஆண்டுக் கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.