ஜப்பானும் எண்ணூரும்

ஐயா, வணக்கம்.

ஜப்பானில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அங்கே தெருவில் ஒரு காகிதம் கிடக்காது. இங்கே சென்னையில் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் போனாலே மூச்சு முட்டுகிறது. நீடித்த வளர்ச்சி என்பது ஒரு தேசத்தின் பண்பாட்டிலேயே இருக்க வேண்டும், நம்மிடம் அது கிடையாது என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பழியைப் பண்பாட்டின் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மினமாட்டாவும் அதே ஜப்பானில்தான் இருக்கிறது. அங்கே ஒரு ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. அந்தக் கடல் மீனைத் தின்ற மீனவக் குடும்பங்களுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது, பேச்சுக் குழறியது. 1956-இல் நோய் வெளியே தெரிந்தும், கழிவு நின்றது 1968-இல்தான். பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள், போராடினார்கள். 1970-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரே கூட்டத்தொடரில் மாசு தொடர்பான 14 சட்டங்களை நிறைவேற்றியது. இத்தனை வருடமும் அவர்கள் பண்பாடு அதேதான்.

சரி, நம் பக்கம் வருவோம். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் சண்டைதான் வரும். அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடத்தில் வலை போட்டவர் நாளை அதை அடுத்தவருக்கு விட வேண்டும். நீடித்த வளர்ச்சி என்ற சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இது நடக்கிறது. குறையும் உண்டு. பெண்களுக்கு அதில் பங்கில்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். பண்பாடு என்றதுமே கும்பிட்டுவிட முடியாது.

ஆனால் இந்தக் கட்டுப்பாடெல்லாம் மீனவர்களுக்குள்தான் செல்லும். எண்ணூரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து, சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தால் ஆழம் குறைகிறது, படகு தரை தட்டுகிறது, இறால் ஒதுங்கும் சேறு சாம்பலுக்கு அடியில் போய்விடுகிறது. அங்கே காட்டுக்குப்பம் என்ற மீனவக் குப்பத்துக்காரர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அந்தக் குழாயை மூடும் அதிகாரம் அவர் கையில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, வாளியும் குவளையுமாக அதை அள்ளியவர்கள் மீனவர்கள்தான்.

நீடித்த வளர்ச்சிக்கென்று ஐ.நா. 2015-இல் வகுத்த 17 இலக்குகளில் பண்பாட்டுக்குத் தனி இலக்கு இல்லை, சேர்க்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். சேர்க்கட்டும். கழிமுகத்தில் எதைக் கட்டுவது என்று முடிவெடுக்கும்போது, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தக் குப்பத்து ஊர்க் கூட்டத்துக்கு வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

அப்புறம், கொடுங்கையூர். அங்கே குவிந்திருப்பது அங்கே குடியிருப்பவர்களின் குப்பை மட்டும் இல்லை. நகரத்தின் பல பகுதிகளிலிருந்தும் லாரி லாரியாக அங்கேதான் போகிறது. பெரம்பூரிலிருந்தும்தான்.

அன்புடன்