சட்டமும் ஒழுங்குமுறையும் பலவீனமாக உள்ள இடத்தில், போட்டி கூடினால் வணிகர்கள் புதுமை செய்வார்களா?

நான் திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் கருவாட்டு வாடி (மீன் காயவைக்கும் இடம்) வைத்திருக்கிறேன். அதனால் நெத்தலியில் இருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் கரையில் மணலில் சாக்கு விரித்துக் காயப்போடுவதுதான் வழக்கம். மணல் ஒட்டும், ஈ மொய்க்கும், காகம் கொத்தும், மாரி வந்தால் பாதி பழுதாகும். நாலு வருடத்துக்கு முன் இடுப்பு உயரத்தில் வலை கட்டி, மேலே பொலித்தீன் கூடாரம் போட்டேன். அள்ளினால் சலசலக்கும், கிள்ளினால் முறியும், அப்படிக் காய்ந்தது. சரக்கை வாங்கி ஏற்றும் லொறி முதலாளி ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா விலை எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நன்றாகக் காய்ந்தால் எடை குறையும். அரைகுறையாகக் காயவைத்து உப்பைக் கூட்டினால் எடை நிற்கும். கிலோவுக்கு ஒரே விலை என்றால், ஒழுங்காகக் காயவைத்தவனுக்குத்தான் நட்டம். வாடிகள் கூடக் கூட, ஈரத்தை மறைப்பதில்தான் கெட்டித்தனம் வளர்ந்தது: சாக்கின் அடியில் ஈரச் சரக்கு, மேலே காய்ந்தது. அவிழ்த்துத் தரம் பார்க்க யாரும் வருவதில்லை.

பொருளியலில் இது பழைய விவாதம். பெரிய நிறுவனங்களுக்குத்தான் புதுமை செய்யும் பலம் உண்டு என்றார் சூம்பீட்டர், 1942இல். போட்டியில் நிற்பவனுக்கே உந்துதல் அதிகம் என்றார் கென்னத் அரோ, 1962இல். 2005இல் பிலிப் அகியோன், பீட்டர் ஹோவிட் உள்ளிட்டோர் பிரித்தானிய நிறுவனங்களின் காப்புரிமைகளை வைத்து, போட்டி கூடும்போது புதுமையும் ஏறும், ஓர் அளவைத் தாண்டினால் இறங்கும் என்று காட்டினார்கள். (இந்த இருவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது.) ஆனால் அது நீதிமன்றமும் தரச் சோதனையும் ஓரளவு ஒழுங்காக நடக்கும் நாட்டின் கணக்கு. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது; காப்புரிமைக்கு 20 வருடம். பொலித்தீன் கூடாரத்துக்கு அது உதவாது. அடுத்த சீசனிலேயே பக்கத்தில் மூன்று கூடாரம் வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் வேறு. நிலாவெளி கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் தெரிந்த வீடுகளுக்கும் 250 கிராம் பக்கெட்டாகக் கொடுக்கிறேன். என்னை நம்பி வாங்குவதால் நல்ல விலை தருகிறார்கள். அறிந்தவர்களைத் தாண்டி வியாபாரத்தை விரிக்கப் பார்த்தபோது, வெளியூர் மொத்த வியாபாரி ஒருவரின் செக் திரும்பி வந்தது. வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுபடும் என்று சட்டத்தரணியே சொன்னார். இரண்டாவது கூடாரத்துக்கு வைத்திருந்த காசு அதோடு போனது.

போன கிழமை பக்கத்து வாடிக்காரத் தம்பிக்குக் கூடாரம் கட்டும் விதத்தை நானே காட்டிக்கொடுத்தேன். நாலைந்து பேராவது காய்ந்த சரக்கையே ஏற்றினால், லொறிக்காரரிடம் வேறு விலை கேட்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.