கடத்திப் புரதத்தின் வழியாகவா வைரஸ் நுழைகிறது?

கேள்வி: செல்லுக்குள் சத்துப் பொருள்களைக் கொண்டுசேர்க்கும் கடத்திப் புரதங்களையே சில வைரஸ்கள் ஏற்பியாக, அதாவது செல்லில் தாம் பற்றிக்கொள்ளும் பிடியாக, கொள்கின்றன என்று படித்தேன். அப்படியானால், வைரஸ் அந்தப் புரதத்தின் துளை வழியாகவே உள்ளே போகிறதா?

பதில்: இல்லை. இப்படிக் கடத்திப் புரதத்தைப் பற்றும் வைரஸ்களில் ஒன்றான, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 42 நானோமீட்டர். கடத்திப் புரதத்தின் வழியோ ஒரு சிறு மூலக்கூறு நுழையும் அளவே உடையது. அது எப்போதும் திறந்து கிடக்கும் துளையும் அன்று. புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலி, சுருள் சுருளாகச் செல் சவ்வைப் பல முறை குறுக்கே கடந்து ஒரு கட்டாக நிற்கிறது. அக்கட்டின் நடுவிலுள்ள குழிவு ஒரு சமயம் வெளிப்புறமாகவும் மறு சமயம் உட்புறமாகவும் திறந்து, தன்னுள் வந்தமரும் பொருளை மறுபக்கம் சேர்க்கிறது.

சுருள்களை இணைத்தபடி செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளைவுகளைத்தான் வைரஸ்கள் பெரும்பாலும் பற்றுகின்றன. சுண்டெலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸின் ஏற்பி 1989இல் கண்டறியப்பட்டபோது, அதன் அன்றாட வேலை என்னவென்று யாருக்கும் தெரியாது. அர்ஜினின், லைசின் முதலிய அமினோ அமிலங்களைச் செல்லுக்குள் கொண்டுவருவதே அதன் தொழில் என்பது 1991இல்தான் வெளிப்பட்டது. புரதத்தின் பணியை நோய்க்கிருமி காட்டிக்கொடுத்தது என்றே சொல்லலாம். மனிதரிடமும் ஏறத்தாழ இதே புரதம் உண்டு. ஆயினும், வெளிப்புற வளைவொன்றில் ஒரு சில அமினோ அமிலங்கள் வேறுபடுவதால் அந்த வைரஸால் அதைப் பற்ற முடிவதில்லை.

உங்கள் ஊகத்துக்குச் சற்றே இடம் தருவது ஹெபடைடிஸ் பி வைரஸ்தான். ரத்தத்திலிருந்து பித்த அமிலங்களைச் சோடியத்தோடு சேர்த்துக் கல்லீரல் செல்லுக்குள் எடுக்கும் என்.டி.சி.பி. என்ற புரதமே அதன் ஏற்பி என்பதை, 2012இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லி குழுவினர் கண்டறிந்தனர். ஒன்பது சுருள்களாலான இப்புரதத்தின் பித்த அமில வழிக்குள்ளேயே, வைரஸின் மேலுறைப் புரதத்தினுடைய முனைப்பகுதி நுழைந்து பொருந்திக்கொள்கிறது. நுழைவது அந்த முனை மட்டுமே; முழு வைரஸையும் பின்னர்ச் செல் சவ்வு உட்குழிந்து சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது.

அந்த முனையைப் போன்றே 47 அமினோ அமிலங்களால் ஆக்கப்பட்ட புலெவிர்டைட் என்ற மருந்து, இதே ஏற்பியைப் பயன்படுத்தும் ஹெபடைடிஸ் டி நோய்க்காக 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிபந்தனையுடன் அனுமதிக்கப்பட்டது. அது ஏற்பியை அடைத்து வைரஸைத் தடுக்கும்போது பித்த அமிலத்தின் வழியும் அடைபடுவதால், மருந்தெடுப்பவர்களின் ரத்தத்தில் பித்த அமில அளவு உயர்கிறது.