பேரனுக்கு மலேரியா மாத்திரை: நிறுத்தச் சொன்னது சரியா?

கேள்வி: மகன் நைஜீரியாவில் கானோவில் வேலை பார்க்கிறான். மருமகளும் 3 வயதுப் பேரனும் அவனோடுதான் இருக்கிறார்கள். மழை தொடங்கியதும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து, மலேரியா வராமலிருக்க மாத்திரை கொடுத்தார்களாம். மறுநாளைக்கும் அதற்கடுத்த நாளைக்கும் மருமகளிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் நாளே குழந்தை வாந்தி எடுத்தான். "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மருந்து, நிறுத்து" என்று சொல்லிவிட்டேன். சரிதானே டாக்டர்? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: இல்லை அம்மா. நிறுத்தச் சொன்ன நீங்களே போன் போட்டு, அடுத்த சுற்றில் கொடுக்கச் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால்தான் மருமகள் கேட்பாள்.

உங்கள் சந்தேகம் தப்பில்லை. நம் பக்கம் மலேரியா என்றால் பெரும்பாலும் வெளியூர் போய் வந்தவருக்கு வரும் காய்ச்சல். அங்கே கதை வேறு. உலக மலேரியா நோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் நைஜீரியாவில்தான். அதிலும் ஃபால்சிபாரம் வகை, காய்ச்சல் கண்ட ஒன்றிரண்டு நாளிலேயே சின்னக் குழந்தையின் உயிருக்கு உலை வைக்கும். அதனால்தான் அந்த வறண்ட பகுதி நாடுகளில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மழை மாதங்களில் மாதம் ஒரு முறை இதைக் கொடுக்க 2012இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஒழுங்காகக் கொடுத்தால் நான்கில் மூன்று மலேரியாவைத் தடுக்கும். நம் அங்கன்வாடியில் பூச்சி மாத்திரை தருகிறார்களே, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டா தருகிறார்கள்?

கானோ பாட்டிமாருக்கும் இதே சந்தேகம் உண்டு. 2003இல் போலியோ சொட்டு மருந்து பிள்ளைப்பேறு இல்லாமல் செய்துவிடும் என்று பேச்சு கிளம்பி, அந்த மாநிலமே அதை நிறுத்திவைத்தது. அப்புறம் ஊர்ப் பெரியவர்களையும் மதத் தலைவர்களையும் கூட வைத்துப் பேசித்தான் நம்பிக்கையை மீட்க வேண்டியிருந்தது. வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறதோ, அவர் கையில்தான் மாத்திரை இருக்கிறது.

வாந்திக்கு வருவோம். முதல் நாள் இரண்டு மருந்து: சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின் ஒரே வேளை, அதோடு அமோடையாக்குயின். இந்த இரண்டாவது மட்டும் அடுத்த இரண்டு நாளும் தொடரும். கசப்பே அதுதான். தண்ணீரில் கரையும் மாத்திரைதான் என்பதால், கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனில் புகட்டட்டும். அரை மணி நேரத்துக்குள் கக்கிவிட்டால் பணியாளரிடம் சொல்லி ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். நான் அதிகம் கவலைப்படுவது மற்ற இரண்டு நாளைப் பற்றித்தான். "முதல் நாள் கொடுத்தாச்சே" என்று மிச்சத்தைப் பிறகு காய்ச்சலுக்கு ஆகுமென்று எடுத்து வைப்பார்கள். அது காய்ச்சல் மருந்தல்ல. இப்போது மிச்சம் இருப்பதை என்ன செய்வது என்று அந்தப் பணியாளரையே கேட்கட்டும்.

குழந்தைக்குச் சல்ஃபா மருந்து ஒவ்வாமை உண்டா, போன நான்கு வாரத்தில் மலேரியா மருந்து சாப்பிட்டானா, பயணத்துக்கென்று வேறு மலேரியா மாத்திரை சாப்பிடுகிறானா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது இதைக் கொடுக்கவே கூடாது, முதலில் ரத்தப் பரிசோதனை. மாத்திரைக்குப் பிறகு உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது அபூர்வம்தான்.

கொசுவலையை விடக் கூடாது. மாத்திரை சாப்பிட்டும் மலேரியா வரலாம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தம் பார்க்கட்டும். லீவுக்கு இங்கே வந்த பிறகு பிள்ளைக்குச் சுட்டால், எந்த டாக்டரிடம் போனாலும் முதல் பேச்சே "கானோவிலிருந்து வந்திருக்கோம்" என்று இருக்கட்டும்.