எல்டரா, ஓல்டரா? டர்பனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, நீங்கள் 'ஃபார்தர்' என்று எழுதினால் 'ஃபர்தர்' என்று திருத்துகிறார்கள், 'எல்டர்' என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், எதை எங்கே போடுவது என்று கேட்டிருந்தீர்கள். தென்னாப்பிரிக்காவில் இந்த டர்பனுக்கு வந்த புதிதில் எனக்கும் இதே குழப்பம் இருந்தது.

எல்டரில் தொடங்குகிறேன், நம் ஆட்கள் அதிகம் தடுக்குவது அங்கேதான். நான் வந்த வருடம் ஆடி மாதம் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். இங்கே அதை 'பாரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். என் பக்கத்தில் நின்று கூழ் ஊற்றிக்கொண்டிருந்த ஆயா, கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்தில் நான்காம் தலைமுறை. ஆங்கிலம்தான் பேசுவார். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். 'மை சிஸ்டர் இஸ் எல்டர் தேன் மி' என்றேன். கரண்டியைக் கீழே வைக்காமலே, 'யுவர் அக்கா, யுவர் எல்டர் சிஸ்டர். பட் ஷி இஸ் ஓல்டர் தேன் யூ, மா' என்றார். தமிழில் பேச்சு போய்விட்ட அந்த வீட்டில் 'அக்கா' மட்டும் போகவில்லை. எனக்கு இலக்கணம் புரிந்ததும் அந்தச் சொல்லால்தான்.

அக்கா, அண்ணன் என்பது வீட்டில் ஒரு இடம். எல்டரும் அப்படித்தான். பிரதர், சிஸ்டர், சன், டாட்டர் என்று உறவுக்கு முன்னால் வந்து நிற்கும், 'தேன்' பக்கம் போகாது. தமிழில் 'என்னைவிட' என்று சொல்லத் தோன்றினால் ஓல்டர் போடுங்கள். கார், கட்டிடம் எல்லாவற்றுக்கும் ஓல்டர்தான்.

அப்புறம் உங்கள் ஃபார்தர். நீங்கள் எழுதியது தப்பில்லை. டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 80 கிலோமீட்டர், ஜோகன்னஸ்பர்க் அதைவிடத் தூரம். இந்தத் தூரத்துக்கு ஃபார்தரும் சரி, ஃபர்தரும் சரி. இங்கே எழுத்தில் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு என்பதால் தூரத்துக்கும் ஃபர்தர்தான் அதிகம் வரும். ஆனால் 'மேற்கொண்டு' என்று பொருள் வரும் இடத்தில் ஃபார்தர் ஒத்துவராது. மேற்கொண்டு விவரம், மேற்கொண்டு படிப்பு எல்லாம் ஃபர்தர். இங்கே 10 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான கட்டத்துக்குப் பெயரே 'ஃபர்தர் எஜுகேஷன் அண்ட் ட்ரெயினிங்'. ஆக, அலுவலகக் கடிதத்தில் எப்போதும் ஃபர்தர் போட்டால் யாரும் திருத்த மாட்டார்கள்.

லேட்டர் என்றால் பிறகு. லாட்டர் என்றால் சொன்ன இரண்டில் பின்னது. மூன்று பொருளைச் சொல்லிவிட்டு லாட்டர் போடாதீர்கள். எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், தண்ணீர், சர்க்கரை மாதிரி எண்ண முடியாததற்கு லெஸ். பணம், தூரம், நேரம் எண்ணிக்கையோடு வந்தாலும் லெஸ்தான். 500 ராண்டுக்குக் குறைவு என்றால் 'லெஸ் தேன்'.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு ஜோடியும் இங்கே உண்டு: 'ஜஸ்ட் நவ்', 'நவ் நவ்'. ஊரில் ஜஸ்ட் நவ் என்றால் இப்போதுதான். இங்கே அப்புறமாக என்று பொருள், ஒரு மணி நேரமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம். நவ் நவ் அதைவிடச் சீக்கிரம். குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் 'ஜஸ்ட் நவ்' என்று சொன்னதை நம்பி நான் ஒரு நாள் முழுக்க லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எத்தனை மணிக்கு என்று நேராகவே கேட்டுவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.